துணியில் நிற்காதது

என் மகனே,

நீ இப்போது வேப்பமரத்துத் தூளியில் தூங்கிக்கொண்டிருக்கிறாய். நேற்றுத்தான் முதல்முறையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். எனக்குப் பதினெட்டு நடக்கிறது. இந்தக் கடிதத்தைத் தூளியில் கிடக்கிற உனக்காக எழுதவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு நாள் என் முன்னால் வந்து உட்காரப்போகிற பெரிய ஆளுக்காக எழுதுகிறேன். அன்றைக்கு நேரிலேயே சொல்லிக்கொள்ளலாமே என்று கேட்பாய். என் வாயை நான் நம்புவதில்லை. திறக்க வேண்டிய வேளையில் அது திறக்காது. உன் அப்பா எப்படிப் போனார் என்பதும், உன்மேல் உயிரையே வைத்திருந்த உன் அத்தை ஏன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதும் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவர் சொல்லமாட்டார். நானும் சொல்லாமல் செத்துப்போய்விட்டால் உனக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடும். எழுதுவதற்கு எனக்கு அவ்வளவு வெட்கம் வருவதில்லை. அதனால் இன்றைக்கே எழுதி வைத்துவிடுகிறேன். அன்றைக்கு உன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.

முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. பாலக்காட்டுப் பக்கம் இருக்கிற இதே எருத்தேன்பதியில் நான் எட்டாவது வரைக்கும் படித்தேன். எட்டாவதும் முழுதாக இல்லை. கடைசியாகப் படித்த பாடங்களில் ஒன்று கலவையும் கரைசலும். எங்கள் சயின்ஸ் வாத்தியாருக்குப் பாடம் நடத்துவதில் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. பொள்ளாச்சிக்கு மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தவர். ஆனால் அன்றைக்கு என்னவோ உற்சாகமாக இரண்டு கண்ணாடி டம்ளர் கொண்டுவந்தார். ஒன்றில் மணலையும் இன்னொன்றில் கல்லுப்பையும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினார். மணல் போட்டது கலவை, உப்புப் போட்டது கரைசல் என்று பலகையில் எழுதினார். கலவையில் இருப்பவை சேர்ந்து கிடந்தாலும் தனித்தனிதான். கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்தால் மணல் அடியில் தங்கிவிடும். கரைசல் அப்படியில்லை. உப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்துத் தண்ணீர் முழுக்க ஒரே சீராகப் பரவிவிடும். வருஷக்கணக்கில் வைத்தாலும் தங்காது. இவ்வளவும் சொல்லிவிட்டுத் தன் தோள் துண்டை எடுத்து நாலாக மடித்தார். மணல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். மணல் துண்டில் நின்றது. தெளிந்த தண்ணீர் கீழே இறங்கியது. அடுத்து உப்புத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்ப சொல்லுங்க. உப்பு துணியில நிக்குமா, நிக்காதா?" என்றார்.

"நிக்குமுங்க சார்!" என்று வகுப்பே கத்தியது. முன்பெஞ்சில் ஒருத்தன் எழுந்து, "நாலு மடிப்புங்க சார், கொசுவே பூராது. உப்பு எங்கீங்க பூரும்?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு விடை தெரியும். என் அம்மா கல்லுப்பை அப்படியே குழம்பில் போடமாட்டார். அதில் மண்ணும் தூசியும் இருக்கும் என்று தண்ணீரில் கரைத்துத் துணியில் வடித்துத்தான் ஊற்றுவார். மண் துணியில் நிற்கும், உப்பு குழம்புக்குப் போகும். தினமும் அந்தத் துணியைப் பிடிப்பது என் வேலை. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். வாத்தியார் வடித்து, எங்கள் எல்லாருடைய உள்ளங்கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நக்கிப் பார்க்கச் சொன்னார். "கரிக்குதுங்க சார்" என்று அவனும் ஒத்துக்கொண்டான். மிச்சத் தண்ணீரை ஒரு தகர மூடியில் ஊற்றி அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சினார். தண்ணீரெல்லாம் போனபின் மூடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. "கரைஞ்சது காணாமப் போறதில்ல. கண்ணுக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்" என்றார். இரண்டு வாரம் கழித்து நான் வயதுக்கு வந்தேன். பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. படித்ததில் பாதி மறந்துவிட்டது. அந்தத் தகர மூடி மட்டும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் பேசாததால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பேசாமலே இருந்துவிடலாம் என்பதை நான் அங்கேதான் பழகிக்கொண்டேன்.

எனக்குப் பதினாறில் கல்யாணமானது. என் மாமன், அம்மாவின் தம்பி, இடுக்கி மலையில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தார். அங்கே தனக்குப் பழக்கமான ஒரு பையன், நல்ல உழைப்பாளி, அப்பா அம்மா இல்லை, ஒரே ஒரு அக்கா, குடியில்லை என்று சொல்லி அவர்தான் முடித்து வைத்தார். அந்தப் பையன்தான் உன் அப்பா. அவருடைய அக்காதான் உன் அத்தை. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே புருஷனை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல், தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். எஸ்டேட்டில் லயம் என்று சொல்வார்கள், ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு. ஒரு வீட்டில் தும்மினால் பத்து வீட்டுக்கும் கேட்கும். மாமன் இருந்தது தூரத்தில் வேறு லயம். எங்கள் லயத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் தமிழ் வேறு மாதிரி. நான் போன முதல் நாள் உன் அத்தையை எங்கள் ஊர் வழக்கப்படி "நங்கையா" என்று கூப்பிட்டேன். லயமே வெளியே வந்து சிரித்தது. "ஏ மாரி, உன்னய நங்கையாங்கா பாரு! நீ என்ன கல்யாணப் பொண்ணா?" என்று பக்கத்து வீட்டுச் செல்லத்தாயக்கா கைதட்டினார். "மதினின்னு கூப்புடுட்டி" என்று உன் அத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கெட்ட மனசோடு யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பாவும் சிரிப்பார். நான் 'ஊடு' என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வேலையிலிருந்து வரும்போதே, "ஏனுங்க ஊட்டுக்காரி, ஊட்டுல ஏதாச்சும் இருக்குங்களா?" என்று வாசலில் நின்று கேட்பார். பிரியமாகத்தான் கேட்பார். எனக்கும் அது பிடிக்கும். ஆனாலும் வாயைத் திறந்தால் சிரிப்பு வரும் என்று ஆனபிறகு நான் மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். கேட்டதற்குத் தலையாட்டுவேன். வேண்டுமென்றால் கையைக் காட்டுவேன். 'பாலக்காட்டுக்காரி நல்ல பிள்ள, வாயே கெடையாது' என்று எனக்குப் பெயர் வந்தது. உன் வீட்டுக்கு வரப்போகிற பெண் எந்த ஊர்ப் பேச்சைப் பேசினாலும் அதைக் கேட்டுச் சிரிக்காதே. பிரியமாகக்கூடச் சிரிக்காதே.

நீ பிறந்தது நல்ல மழைக்காலம். லயத்துக்குத் தண்ணீர் கீழே ஓடையிலிருந்து வர வேண்டும். வழுக்குப் பாறையில் அறுபது எழுபது படி இறங்கி, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். பிரசவித்தவளுக்கு அங்கே ஒரு மாதம் தீட்டு. அவளுக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனிப் பானை. என் பானைத் தண்ணீரைச் சுக்குப் போட்டுக் காய்ச்சி என் மூலையிலேயே உன் அத்தை வைத்துவிடுவார். வீட்டுப் பானையை நான் தொடக்கூடாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உன் அப்பா குடித்த தண்ணீரை நான் ஏன் குடிக்கவில்லை என்று நீ கேட்பாய். இதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

தீட்டு முடிந்ததும் நான் ஓடைக்குப் போக வேண்டியிருக்குமே என்று உன் அப்பாவுக்குக் கவலை. எஸ்டேட்டில் களை மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. மருந்து வருகிற இரும்பு டிரம்கள் காலியானதும் ஸ்டோருக்குப் பின்னால் கிடக்கும். அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, மலை ஏற்றத்தில் தலையில் சுமந்து கொண்டுவந்துவிட்டார். ஓடையில் போட்டு மணல் வைத்துத் தேய்த்தாராம். "மூணு தடவ கழுவிட்டேன்க்கா. இனிம பச்ச ஒடம்புக்காரி தண்ணிக்கு எறங்க வேண்டாம். கூரத் தண்ணியப் புடிச்சிக்கிடலாம்" என்று சொல்லிக் கூரையின் ஓரத்தில் நிறுத்தினார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம், "ஏனுங்க, நம்ம ஊட்டுக்குக் கெணறு வந்துடுச்சுங்க" என்றார். நான் சிரித்தேன். எனக்காக அதுவரைக்கும் யாரும் அப்படி எதையும் சுமந்து கொண்டுவந்ததில்லை. அந்த டிரம்மின் அடியில், தகடு மடிந்த இடத்தில், சுண்ணாம்புபோல வெள்ளையாக ஏதோ கெட்டிப்பட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மணலும் கையும் அங்கே எட்டியிருக்காது.

மறுநாள் விடியும்வரை மழை கொட்டியது. காலையில் டிரம் பாதி நிறைந்திருந்தது. பத்து மணிபோல வெயில் அடித்தது. உனக்கு அன்றைக்கு இருபதாம் நாள். நான் என் மூலையில் உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். வாசல் வழியாக டிரம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. உன் அத்தைக்கு அன்றைக்குக் கொழுந்தெடுக்கிற வேலையில்லை. ஒரு செம்பில் மோந்து பார்த்தார். "என்னட்டி, வெள்ள வெள்ளயா மெதக்கு" என்றார். வெள்ளைச் செதில்கள். எதிலும் சுத்தம் பார்க்கிறவர் அவர். துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் துணியை எடுத்துவந்து, பானை வாயில் நாலாக மடித்துக் கட்டி, ஒவ்வொரு செம்பாக ஊற்றினார். முடித்ததும் துணியை அவிழ்த்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "பாத்தியா, அம்புட்டும் துணியில நின்னுட்டு. இனிம பளிங்குதான்." துணியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பானையில் தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது.

அப்போது எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்து டம்ளர் ஞாபகம் வந்தது. துணியில் நிற்பது கரையாதது. கரைந்தது துணியில் நிற்காது. அந்த வெள்ளை மருந்தாக இருந்தால், விடியும்வரை மழைத் தண்ணீரில் ஊறிக் கரைந்தது அவ்வளவும் பானைக்குள் போயிருக்கும். இதெல்லாம் எனக்கு அப்புறம் தோன்றியது என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்புறம் தோன்றவில்லை, அப்போதே தோன்றியது. 'மதினி, அந்தத் தண்ணி வேண்டாமுங்க' என்று நாலு வார்த்தை. அது நாக்கு நுனிவரைக்கும் வந்தது. உடனே வேறு யோசனைகளும் வந்தன. இருபத்தைந்து வருஷம் தண்ணீர் வடிகட்டியவருக்கு நான் சொல்லிக்கொடுப்பதா. புருஷன் ஆசையாகக் கொண்டுவந்ததைக் குறை சொல்வதா. எட்டாவது படித்த திமிர் என்று லயத்தில் பேச மாட்டார்களா. அவர் மூன்று தடவை கழுவியிருக்கிறாரே. நீ அழுதாய், அதனால் விட்டுப்போயிற்று என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நீ அழவில்லை. நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய். நான் தலையாட்டினேன், அவ்வளவுதான்.

உன் அப்பா உச்சி வேளையில் விறகுக் கட்டோடு வந்தார். வியர்வை சொட்டியது. "எங்க நம்ம ஊட்டுக் கெணத்துத் தண்ணி?" என்று கேட்டார். உன் அத்தை செம்பு நிறைய மோந்து கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எனக்கு இன்னொண்ணு" என்றார். இரண்டாவதும் குடித்தார். உன் அத்தையும் ஒரு மடக்குக் குடித்தார். அப்போதும் நான் பேசவில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று உன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் அவருக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. உன் அத்தைக்கும் இரண்டு மூன்று முறை எடுத்து நின்றுவிட்டது. உன் அப்பாவுக்கு நிற்கவில்லை. டிஸ்பென்சரியிலிருந்து கம்பவுண்டர் வந்து பார்த்து, மழைக்கு மலையெல்லாம் வாந்திபேதி இருக்கிறது, அதுதான் என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை, கொழுந்துக்குப் போகிறவர்களைக் கூப்பிடுகிற சங்கு ஊதும்போது அவர் போய்விட்டார். தீட்டு என்று என்னைக் கிட்டே விடவில்லை. என் மூலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். சாவு வீட்டுத் தண்ணீர் என்று பானையைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டார்கள்; டிரம்மை யாரும் தொடவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் உன் அத்தை ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "கடேசியா எங்கையாலதான் தண்ணி வாங்கிக் குடிச்சான். சும்மா குடுக்கலம்மா. நாலா மடிச்சு வடிகட்டித்தான் குடுத்தேன். ஒரு தூசி இல்ல. எந்தக் கடையில என்னத்தத் தின்னானோ." வருகிற ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த நாலு மடிப்புத் துணியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நின்றுகொண்டிருந்தார். அதை நான் உருவ முடியுமா?

ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. ஒருவேளை கம்பவுண்டர் சொன்னதுதான் சரியோ, நான்தான் வீணாக நினைக்கிறேனோ என்ற ஆசையும் இருந்தது. மூன்றாம் நாள் உன் அத்தை ஓடைக்கு இறங்கிய நேரத்தில் டிரம்மில் கிடந்த தண்ணீரை ஒரு செம்பு எடுத்தேன். இரண்டு தகர மூடிகளை விளக்கி, ஒன்றில் அந்தத் தண்ணீரையும் இன்னொன்றில் என் பானையில் இருந்த ஓடைத் தண்ணீரையும் ஊற்றி அடுப்பில் வைத்தேன். இரண்டு தண்ணீரும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருந்தன. வற்ற வற்ற ஊற்றி மறுபடி மறுபடி சுண்டவிட்டேன். ஓடைத் தண்ணீர் வற்றிய மூடியில் ஒரு மங்கலான கறை; துடைத்தால் போய்விடும். மற்ற மூடியில் தடிப்பாக வெள்ளை வளையம். கரைந்தது காணாமல் போவதில்லை. அந்த மருந்தின் பெயர்கூட எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த மூடியைக் கந்தலில் சுற்றி என் தகரப் பெட்டியின் அடியில் வைத்தேன். அதை எறிந்துவிட்டால் நானும் நாளடைவில் வாந்திபேதி என்று நம்பத் தொடங்கிவிடுவேன் என்று பயந்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள், நான் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்திருந்த டிரம்மை உன் அத்தை மறுபடியும் நிமிர்த்தினார். "என் தம்பி கடேசியாக் கொண்டாந்தது. ஆசைப்பட்டபடி அதுல தண்ணி புடிப்போம். பிள்ளைக்குக் குளிக்க ஊத்திக்கிடலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். செல்லத்தாயக்கா, "எங்களுக்கும் ஒரு கொடம் குடு மாரி" என்றார். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவர்கள் கொழுந்துக்குப் போனதும் நான் கடப்பாரையை எடுத்தேன். சொல்லத் தெரியாதவளுக்கு அதுதான் தெரிந்தது. டிரம்மைப் படுக்கப் போட்டு, அடித்தகடு கிழியும்வரை குத்தினேன். பிறகு உருட்டிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் தள்ளினேன். பாறையில் மோதி மோதி அது எழுப்பிய சத்தம் கீழ்க்காடுவரைக்கும் கேட்டு, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு ஓடி வந்துவிட்டார்கள். உன் அத்தை என் கன்னத்தில் அறைந்தார். "எந்தம்பி நெனப்பா இருந்தது அது ஒண்ணுதானேட்டி! ஏன் செஞ்ச? சொல்லு, ஏன் செஞ்ச?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார். காரணத்தைச் சொன்னால் கடப்பாரையை அவர் நெஞ்சில் இறக்கியதாக ஆகும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "புருசன் போனதுல புத்தி பெரண்டு போச்சு" என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையை அவளிடம் விடாதீர்கள் என்று இன்னொருவர் சொன்னார்.

அன்றைக்கே உன்னை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். செல்லத்தாயக்காவுக்குக் கைக்குழந்தை இருந்தது. உனக்கும் அவரே பால் கொடுத்தார். எனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது. உன்னை அத்தை வளர்ப்பது, என்னை என் அப்பா வந்து ஊருக்குக் கூட்டிப்போவது என்று பேசி முடிவானது. "எங்க வம்சத்துல இருக்கிறது இந்த ஒரு உசிருதான். இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று உன் அத்தை சொன்னதில் தப்பில்லை. நான் உண்மையைச் சொன்னால் எனக்குப் பைத்தியமில்லை என்று தெரியும். நீ எனக்குக் கிடைப்பாய். சொன்னால் உன் அத்தை என்ன ஆவார்? அப்பா வரும்வரைக்கும் எட்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை வெட்கத்தால் பேசவில்லை. இந்தத் தடவை தெரிந்தே பேசாமல் இருந்தேன். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

புறப்படுகிற நாள் காலையில் உன் அத்தைதான் என் பெட்டியை அடுக்கினார். என்மேல் கோபம் இருந்தாலும் புடவைகளை நீவி நீவி மடித்து வைத்தார். அடியில் கந்தல் சுற்றியது கையில் பட்டது. பிரித்தார். "இது என்னட்டி மூடி? வெள்ளயா என்னத்த வச்சிருக்க? உப்பா?" என்றவர், விரலால் சுரண்டி நாக்குக்குக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க!" என்று நான் கத்தினேன். பாய்ந்துபோய் அவர் கையைத் தட்டிவிட்டேன். "டிரம்முத் தண்ணிங்க அது! காச்சி எடுத்ததுங்க!"

அதற்குமுன் என் குரலை அந்த லயத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வாசலில் ஆட்கள் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. உன் அத்தை மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வெளியே டிரம் நின்ற இடத்தைப் பார்த்தார். என் அப்பாவையும் மற்றவர்களையும் விலகிப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நான் வடிகட்டினேனேட்டி" என்றார். "துணியில நின்னுச்சே. உனக்குக் காட்டினேனே."

"நின்னது கரையாததுங்க மதினி. கரைஞ்சது நிக்காதுங்க" என்றேன்.

"உனக்கு அப்பமே தெரியுமா?"

"தெரியுமுங்க."

அவர் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். உன்னை முகர்ந்து பார்த்தார். என் மடியில் போட்டார். "கொண்டுட்டுப் போ. என் கையி இவனுக்கு வேண்டாம்" என்றார். "மதினி, நீங்க ஒண்ணும் பண்ணலீங்க, தெரிஞ்சவ நானுங்க" என்று சொன்னேன். அதற்குள் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாங்கள் மலையிறங்கினோம். ரயிலேறிப் பொள்ளாச்சி வந்து சேரும்வரைக்கும் என் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. சென்ற மாதம் மாமன் வந்தபோது, உன் அத்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "வேலைக்குப் போகுது, வருது. ஆனா யாருக்கும் தண்ணி மோந்து குடுக்கிறதில்ல. யாரு வந்தாலும் பானையக் காட்டி, நீங்களே எடுத்துக் குடிங்கங்குது. அது என்ன வழக்கமோ தெரியல" என்றார். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

மகனே, நான் படித்தவள் இல்லை. உனக்குப் பெரிய புத்தி எதுவும் சொல்லத் தெரியாது. மருந்து இருந்த பாத்திரம் எதையும், எத்தனை தடவை கழுவினாலும், வீட்டுக்குக் கொண்டுவராதே. தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதற்காக நம்பாதே. உனக்கு ஒன்று தெரிந்திருந்தால் சொல்லிவிடு. கொச்சையாக வந்தாலும், சிரித்தாலும், பெரியவர்கள் எதிரில் நின்றாலும் சொல்லிவிடு. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன். நாளைக்கு யாராவது உன்னிடம், உன் அப்பனுக்கு விஷத் தண்ணீர் கொடுத்தது உன் அத்தை என்று சொன்னால், இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் கையில் இருந்தது துணி. தெரிந்திருந்தவள் நான். என்மேல் உனக்கு வெறுப்பு வந்தால் வரட்டும். அதை நான் ஏற்றுக்கொள்வேன்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய். கல்யாணப் பத்திரிகை அடித்ததும் முதலில் மலைக்குப் போ. லயம் அங்கேயேதான் இருக்கும். மாரியம்மாள் என்று கேட்டால் காட்டுவார்கள். உன் முகத்தில் உன் அப்பா இருப்பார், அதனால் நீ யாரென்று சொல்ல வேண்டியிருக்காது. உட்கார்ந்ததும், "அத்தை, தாகமா இருக்கு, தண்ணி குடுங்க" என்று கேள். அவர் பானையைக் காட்டுவார். நீ எடுக்காதே. எவ்வளவு நேரமானாலும் சும்மா உட்கார்ந்திரு. அவர் எழுந்து வருவார். ஒருவேளை வடிகட்டுவார். வடிகட்டட்டும், ஒன்றும் சொல்லாதே. அவர் கையால் வாங்கி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடி. குடித்துவிட்டு, இன்னொன்று கேள்.

உன் அம்மா